குடைக்காரியும் நெட்டையனும்

அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி எங்கள் வீட்டுக்கு வரும்வரை, ஒரு வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை என்னுடையதாக இருந்தது. வீட்டில் வேறு எந்த விஷயத்திலும் என் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் சொன்னால் சொன்னதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. ஏற்காட்டுக் கடைவீதியில் எங்கள் அத்தா மிளகும் காப்பித்தூளும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த சாக்கு அறையைக் காலி செய்து, அண்ணன் இரண்டு டிவிகளையும் இரண்டு கேம் பெட்டிகளையும் வைத்தான். அறையைத் தாண்டினால் எங்கள் வீடு. சீசனில் மலை ஏறி வருகிற டூரிஸ்ட் குடும்பங்களின் பிள்ளைகள் வருவார்கள். மற்ற மாதங்களில் ஹாஸ்டல் பள்ளிப் பிள்ளைகள்தான் ஆதாரம். அவர்களை வெளியே விடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது.

கேசட்டுகளைச் சேலத்தில் ஒரு வியாபாரி கொடுப்பார். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஓடாது என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அண்ணன் அவற்றைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டு வருவான். அவனுக்கு விளையாட வராது. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்து, பட்டன் வழுக்கும். அதனால் தங்கச்சியான என்னிடம் கொடுத்துவிடுவான். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அறைத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பேன். முடித்துவிட்டு "வைக்கலாம்" என்பேன், அல்லது "திருப்பிக் குடுத்துரு" என்பேன். ஏன் என்று அண்ணன் கேட்கவே மாட்டான். அவன் கேட்காததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

சண்டை கேம்களைச் சோதிக்க எனக்கென்று ஒரு வழி இருந்தது. முதலில் பார்க்க யார் நோஞ்சானாக இருக்கிறானோ அவனை எடுத்து விளையாடுவேன். எல்லாரும் பலசாலியைத்தான் எடுப்பார்கள். நோஞ்சானை வைத்தும் ஜெயிக்க முடிந்தால்தான் செய்தவன் யோசித்துச் செய்திருக்கிறான் என்று பொருள். அடுத்து, ஒரே பட்டனை யோசிக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஜெயிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் அந்த கேம் ஆகாது. ஹாஸ்டல் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எல்லாரும் அதையே அமுக்குவார்கள், சலித்துப் போவார்கள். கடைசியாக, தோற்கும்போது மனசு என்ன சொல்கிறது என்று கவனிப்பேன். நாம் தப்புப் பண்ணினோம் என்று தோன்றினால் மறுபடி விளையாடக் கை பரபரக்கும். மெஷின் ஏமாற்றிவிட்டது என்று தோன்றினால் எழுந்து போகத்தான் தோன்றும்.

அண்ணி சேலத்துப் பெண். ஆனால் சின்ன வயதில் பினாங்கில் இருந்தவள். அவளுடைய அத்தாவுக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், நல்ல நிறம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு அவள் கை இடியாப்பம்தான் வேண்டும் என்றாகிவிட்டது. நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள முடியாதது தட்டுவடை. அண்ணன் சேலம் போனால் எனக்குத் தட்டுவடை செட் வாங்கி வருவான். மலை ஏறுவதற்குள் ஊறிவிடக் கூடாது என்று வடை தனி, சட்னி தனி, துருவிய பீட்ரூட் தனி என்று பொட்டலம் கட்டச் சொல்லிக் கொண்டுவருவான். நான் அடுக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பான். கல்யாணத்துக்குப் பிறகும் பொட்டலம் வந்தது. ஆனால் அது முதலில் அவர்கள் அறைக்குள் போய்விட்டுத்தான் அடுப்படிக்கு வந்தது.

"உனக்கு வெச்சிருக்கேன் கண்ணு, வா" என்று அண்ணிதான் கூப்பிடுவாள். எனக்கு உரியதை எனக்கே அவள் பங்கு வைத்துக் கொடுத்தாள். "பசிக்கலைங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, ஆசையை அடக்கிக்கொண்டு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன்.

ஆனாலும் கேம் அறை என்னுடையதாகவே இருந்தது. அண்ணி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வீட்டில் எங்கெங்கோ அவள் கை பட்டாலும் இங்கே படாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் அண்ணன் ஒரு கேசட் கொண்டுவந்தான். மேலே ஒட்டியிருந்த படத்தில் கண்கள் பெரிதாக வரைந்த மனிதர்கள், ஆற்றங்கரை, படகுகள். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து.

"ஜப்பான் டிவியில வர்ற கார்ட்டூனாம். அந்தக் கார்ட்டூன்ல வர்றவங்களே இதுல சண்டை போடறாங்களாம். அங்க நொம்ப பேர் போனதுன்னு வியாபாரி சொன்னாரு" என்றான் அண்ணன்.

நான் கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பெட்டியில் செருகினேன். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எல்லாவற்றிலும் பூஞ்சை ஏறும். படம் வந்தது. சண்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு கிழப் படகுக்காரர். ஒரு குண்டு ஆள். கருப்பு அங்கி போட்ட ஒரு நெட்டையன். காகிதக் குடை பிடித்த ஒரு பெண். இன்னும் சிலர். நோஞ்சானாகத் தெரிந்தது குடைக்காரிதான். ஆளைத் தேர்ந்தெடுக்கிற கட்டத்தை அவள்மேல் நகர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி டீ கொண்டு வந்தாள். திரையை விலக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு டிவி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இவ எப்படிங்க இங்க வந்தா" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். ஊரிலிருந்து சொந்தக்காரி வந்துவிட்டதைப் போலக் கேட்டாள்.

ஒவ்வொருவராக விரல் வைத்துப் பெயர் சொன்னாள். பினாங்கில் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் இந்தக் கார்ட்டூன் டிவியில் வருமாம். மலாய் பேசுவார்களாம். குடைக்காரி அடிபட்ட அன்றைக்குத் தான் சாப்பிடாமல் படுத்ததாகச் சொன்னாள். அண்ணன் டீயை எடுத்துக் குடிக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. சண்டை தானாகவே தொடங்கி, எதிராளி எவனோ குடைக்காரியை அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தான். நான் பட்டனைத் தொடவே இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் அந்த கேமை மற்ற எதையும்விடக் கவனமாகச் சோதித்தேன். அது கெட்ட கேமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நான் கண்டுபிடித்தது உண்மை. படங்கள் அழகு. ஆறு ஓடுகிற மாதிரியே இருந்தது, மழை பெய்தால் தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுந்தது. சண்டைதான் சரியில்லை. நெட்டையனுக்கு ஒரு தாழ்வான உதை இருந்தது. உட்கார்ந்துகொண்டு காலை நீட்டுவான், எதிராளி விழுவான். எழுவதற்குள் மறுபடி நீட்டுவான், மறுபடி விழுவான். ஒரே ஒரு பட்டன். அதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் ஜெயித்தேன். குடைக்காரியோ கை வீசுவதற்குள் பொழுது விடிந்துவிடும். அவள் அடித்தாலும் திரையின் மேலே எதிராளியின் பலத்தைக் காட்டுகிற கோடு கொஞ்சம்தான் குறையும்.

"திருப்பிக் குடுத்துரு" என்றேன்.

அண்ணன் முதல்முறையாகக் கேட்டான். "ஏன் கண்ணு?"

சொன்னேன். நெட்டையனின் உதையைப் போட்டும் காட்டினேன். அவன் தலையாட்டினான். பிறகு, அண்ணி நின்றிருந்த அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை போயிற்று.

"நீ சொல்றது சரிதான். ஆனா உங்க அண்ணி ஆசைப்படறா. கொஞ்ச நாள் இருக்கட்டும், பாப்போம்."

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசலில் பனி இறங்கி எதிர்க்கடை தெரியாமல் இருந்தது. அதில் நின்றுகொண்டிருந்தபோது என் மனதில் ஓடியதை இன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியும். அவளுக்கு என்ன தெரியும், ஒரு ரவுண்டு ஜெயிக்கத் தெரியுமா. அவளுக்கு ஒரு கடல் தாண்டிய ஊர் கிடைத்தது, அந்த ஊரில் டிவி கிடைத்தது, டிவியில் அழுவதற்கு ஒரு பெண் கிடைத்தாள். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயே இருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு தீர்ப்பு. அதுவும் அடுப்படிப் பக்கம் போன ஒரு பார்வையில் போய்விட்டது.

அண்ணி கதை சொல்லத் தொடங்கினாள். முதலில் அடுப்படியில், அம்மாவுக்கு. ஆற்றங்கரையில் படகோட்டிக் குடும்பங்கள். யார் துறையில் யார் படகு கட்டுவது என்று வருடா வருடம் போட்டிச் சண்டை. அதில் பெரிய கை அந்தக் கிழவர். அவருடைய மகன் நெட்டையன். ஒரு வெள்ளத்தில் மிதந்து வந்த குழந்தையைக் கிழவர் எடுத்து வளர்க்கிறார். அவள்தான் குடைக்காரி. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்பறம்?" என்பாள்.

மாரமங்கலத்திலிருந்து அத்தாவுக்கு மிளகு போடுகிற பெரியவர் ஒருவர் உண்டு. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் பஸ் வரைக்கும் கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பார். அவர் காதிலும் கதை விழுந்திருக்கிறது. அடுத்த முறை வந்ததும் அத்தாவிடம் விலை பேசுவதற்கு முன்னால் உள்பக்கம் பார்த்து, "அம்மணி, அந்தக் குடைக்காரப் புள்ள என்னாச்சுங்க?" என்று கேட்டார். அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகள் வந்தார்கள். நான் சொன்னபடியே ஆயிற்று. மத்தியானத்துக்குள் ஒரு பையன் நெட்டையனின் உதையைக் கண்டுபிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாரும் நெட்டையன். இரண்டு பக்கமும் நெட்டையன். யார் முதலில் காலை நீட்டுகிறானோ அவன் ஜெயித்தான். இரண்டு பையன்கள் நிஜமாகவே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல், சொல்லாமல் இருப்பது அவனுக்குத் தெரியும்படி நின்றேன்.

அப்போது அண்ணி உள்ளே வந்து, முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"யாரு யாரோட சண்டை போடறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா."

அன்றுதான் நெட்டையனின் கதையை அவள் முழுதாகச் சொன்னாள். வெள்ளத்தில் வந்த குழந்தை வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவனுக்கு எரிச்சலாம். தன் அப்பா தன்னிடம் காட்ட வேண்டிய பாசத்தை எங்கிருந்தோ வந்தவள் எடுத்துக்கொண்டாள் என்று. அப்பா அவளுக்குக் குடை செய்து கொடுத்த அன்றைக்கு அவன் வீட்டை விட்டுப் போய் எதிரிக் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டானாம். அந்த உதையைச் சொல்லிக் கொடுத்ததே எதிரிகள்தானாம். "அவன் கெட்டவன் இல்ல. பொறாமை புடிச்சவன். அவ்வளவுதான்" என்று அண்ணி முடித்தாள்.

நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் புதிதாக வந்த ஒருத்தி, பழைய பிள்ளைக்கு எரிச்சல். இது ஜப்பான்காரன் எழுதின கதையா, எங்கள் வீட்டு அடுப்படியில் எழுதின கதையா? எல்லார் முன்னாலும், பிள்ளைகளை வைத்து, எனக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேமில் நான் நெட்டையனை வைத்து ஜெயித்துக் காட்டியதும் அவளுக்குத் தெரியும்.

அன்று பாத்திரம் கழுவும்போது கேட்டே விட்டேன். "நெசமாவே கார்ட்டூன்ல அப்பிடித்தான் வருதுங்களா அண்ணி?"

"எப்பிடி?"

"அந்த நெட்டையன் கதை."

"அப்பிடித்தான் கண்ணு வரும். வேற எப்பிடி வரும்?" அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கன்னத்தில் குழிகூட விழவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை வந்த பிள்ளைகள் நெட்டையனை எடுக்கவில்லை. எடுத்தவனைப் பார்த்து மற்றவர்கள், "டேய், துரோகியை எடுக்கறான்டா" என்று கத்தினார்கள். அவன் வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டான். கிழவரை எடுத்துத் தோற்றார்கள், குண்டனை எடுத்துத் தோற்றார்கள். குடைக்காரியை எடுக்கப் பெண்பிள்ளைகளுக்குள் போட்டி. அவள் விழும்போதெல்லாம் ஒரு பெரிய "அய்யோ" எழுந்தது. பிறகு மறுபடி எடுத்தார்கள். என் கணக்குப்படி அந்த கேம் அந்த மாதத்தோடு செத்திருக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் அந்தப் பெட்டியில் வேறு கேசட் மாற்றப் பிள்ளைகள் விடவில்லை.

நான் சொன்ன தீர்ப்பில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. தீர்ப்பு தப்பாகியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அண்ணியை விளையாடக் கூப்பிட்டேன். "வாங்க அண்ணி, ஒரு ஆட்டம்." அவள் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள். குடைக்காரியை எடுத்தாள். நான் நெட்டையனை எடுத்தேன், வேண்டுமென்றே. உதை, உதை, உதை. அவள் ஒரு ரவுண்டுகூட ஜெயிக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டேன், அதற்கு மறுநாளும். தோற்கும்போது முகம் சுருங்கும், ஒரு வார்த்தை கடுப்பாக வரும், அதைப் பார்க்கலாம் என்றுதான். அவளோ குடைக்காரி விழுந்து குடை தனியாக உருண்டு போவதைப் பார்த்து, "பாவம், எவ்வளவு அழகா விழறா பாரு" என்றாள். ஜெயிக்க வேண்டும் என்று நினைக்காதவளை எப்படித் தோற்கடிப்பது? நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன், எனக்குத்தான் கை வலித்தது.

அப்படி ஒரு மத்தியானம், விளையாடி முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு, இந்தக் குடைக்காரியை வெச்சுக் கடைசி வரைக்கும் ஜெயிச்சா என்ன வரும்?"

"முடிவு வரும். ஏதாவது படம் காட்டுவான்."

"கதையோட முடிவா?"

"இருக்கலாம். ஏனுங்க அண்ணி, உங்களுக்குத்தான் முடிவு தெரியுமே?"

அவள் ஜாய்ஸ்டிக்கின் வயரை விரலில் சுற்றினாள். "தெரியாது. நெட்டையன் எதிரியோட போனதுக்கப்பறம் நாங்க ஊருக்குக் கெளம்பிட்டோம். அத்தாவுக்கு அங்க வேலை போச்சு. வந்ததுல இருந்து யாரைக் கேக்கறது? சேலத்துல யாருக்கும் இந்தக் கார்ட்டூனே தெரியாது." பிறகு என்னைப் பார்க்காமல், "என்னால ஜெயிக்க முடியாது. நீதான் ஜெயிச்சுக் குடுக்கோணும்" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு வேண்டிய ஒன்று என் கையில் மட்டும் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. டீ கொண்டுவரும்போது திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். குடைக்காரி இருக்கிறாளா என்று.

கடைசியில் நான் குடைக்காரியை எடுத்தது அவளுக்காக என்று சொல்ல மாட்டேன். முடியாது என்று எல்லாரும் நினைப்பதை முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்புதான். கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடும்போது கடைசிச் சண்டை நெட்டையனோடு. அவன் உதைதான் என் வழியில் நின்றது. இத்தனை நாளும் அந்த உதையை நான் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன், வாங்கிப் பார்த்ததில்லை. வாங்கினபோதுதான் தெரிந்தது. அவள் எழும்போது குடையை முன்னால் பிடித்தால் பிரயோஜனமில்லை. உதை தாழ வருகிறது. குடையைக் கீழே, தரையில் படும்படி விரிக்க வேண்டும். அதுவும் அவன் காலை மடக்குகிற அந்த இமைப்பொழுதில். கொஞ்சம் முந்தினால் குடை மடங்கிவிடும், பிந்தினால் விழுவாள். சரியாக விரித்தால் உதை குடையில் வழுக்கி, நெட்டையன் தடுமாறுவான். அப்போது ஒரு அடி அடிக்கலாம். ஒரே ஒரு அடிதான். திரும்ப அவன் உட்கார்வான், திரும்ப நாம் காத்திருக்க வேண்டும்.

இதை முதல்முறை செய்ததும், நிஜம்தானா என்று இன்னொரு முறை செய்து பார்த்தேன். அந்தப் பெண்ணை நோஞ்சான் என்று முடிவு கட்டியது நான்தான். செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான், ஆனால் இவ்வளவு பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் செய்திருக்கிறான்.

ஜெயித்த அன்று நல்ல மழை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசிச் சண்டைக்கு வந்துவிட்டேன் என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அண்ணி என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாரமங்கலத்துப் பெரியவர் நனைந்த குடையோடு கதவுப் பக்கம் நின்றார். அவருடைய பஸ் ஹாரன் அடித்தது. "போகட்டுங்க, அடுத்ததுல போய்க்கறேன்" என்றார். அடுத்தது சாயங்காலம்தான்.

முதல் ரவுண்டு தோற்றேன். இரண்டாவது ஜெயித்தேன். மூன்றாவதில் இரண்டு பேருக்கும் கோடு நூல் அளவுக்கு வந்துவிட்டது. அவன் உட்கார்ந்தான். குடையை விரித்தேன். அவன் கால் வழுக்கியது. அடித்தேன்.

திரை இருண்டு, பிறகு படங்கள் வந்தன. அசையாத படங்கள், கீழே ஜப்பான் எழுத்து. முதலில் வெறும் ஆறு. அடுத்து கிழவரின் படகு, அதில் யாரும் இல்லை, அவருடைய தொப்பி மட்டும். அண்ணி, "போயிட்டாரா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த படத்தில் அதே படகு. குடைக்காரி துடுப்புப் போடுகிறாள். முன்னால் நெட்டையன் உட்கார்ந்திருக்கிறான். மழை. குடை அவன் தலைக்கு மேலே சாய்ந்திருக்கிறது. அவனுக்கும் குடைக்காரிக்கும் பின்னால், கரையில் இருக்கிற கிழவரின் வீட்டுச் சுவரில், இரண்டு பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் அண்ணி கட்டிச் சொல்லவில்லை. அவர்கள் நிஜமாகவே ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள். எங்கோ ஒருவன், ஏற்காடு என்று கேள்விப்பட்டிராதவன், இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தான். இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த ஒரு சந்தேகம் கழன்று விழுந்தது.

அண்ணி அழுதாள். சத்தமில்லாமல், முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும், கழன்ற இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் காய்க்க ஜெயித்தது நான். எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை தடவை ஜெயித்தாலும் அவள் பார்த்ததை நான் பார்க்க முடியாது என்று தெரிந்தது.

பெரியவர் கேட்டார், "இப்ப ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களா, இல்லீங்களா?"

"ஆயிட்டாங்க" என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆகல. ஒரே படகுல போறாங்க, அவ்வளவுதான்" என்றேன் நான்.

அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். கரண்ட் போயிற்று.

அதற்குப் பிறகு புதுக் கேசட் வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் அடியையும் உதையையும் பார்ப்பேன். அவள், இவன் யார், ஏன் கோபமாக இருக்கிறான் என்று பார்ப்பாள். தெரியாவிட்டால் அவளாக ஒரு காரணம் சொல்வாள். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு முடிவு செய்தான். சில சமயம் அவள் சொன்னது பலித்தது, சில சமயம் நான் சொன்னது. அவள் சொன்னது பலித்த நாட்களை நான் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி சேலத்துக்கு வந்துவிட்டேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு காலையில் அண்ணியும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கேம் அறையில் அப்போது கம்ப்யூட்டர் வைத்து, அண்ணன் டைப்பிங் வேலை எடுத்துக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் அண்ணி சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது, தெரியுமா?"

நான் நிமிர்ந்தேன்.

"உங்க அண்ணன் எப்பப் பாத்தாலும் உன் பேச்சுத்தான். என் தங்கச்சி ஒரு தடவை பாத்தாப் போதும், அது சொன்னா மாறாது, அதோட கண்ணு அப்பிடின்னு. வந்து ஒரு மாசங்கூட ஆகல, எனக்கு வயிறெரியும். அப்பிடி என்னதான் இருக்குது அந்த ரூமுல, பாத்தர்லாம்னுதான் அன்னிக்கு டீயை எடுத்துட்டு வந்தேன். இல்லாட்டி எனக்கென்ன அங்க வேலை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. நானும் சிரித்தேன். "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சுங்க அண்ணி" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதையும் அவள்தான் முதலில் சொல்லிவிட்டாள். நான் இப்போது சொன்னால் அவள் சொன்னதற்குப் பதில் சொன்னதாகத்தான் ஆகும்.

"காம்பு நொம்ப விழுது பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கீரையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.